காந்திமதி நின்ற இடம்

மண்ணூர் காந்திமதிக்கு ஆதார் கார்டின்படி வயது நாற்பத்திரண்டு. அவள் கணக்கில் நாற்பதுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று வாத்தியார் கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொன்னாராம், தொட்டுவிட்டாளாம், உடனே இரண்டு வருடத்தைத் தன் இஷ்டத்துக்குச் சேர்த்து எழுதிவிட்டாராம். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது அவள் வழக்கம். போன ஆயுத பூஜை சமயத்தில்தான் அந்த இரண்டு வருடம் அவளுக்குச் சிரிப்பாக இல்லாமல் போனது.

ஒரகடத்தில், கார்களுக்கு மீட்டர் போர்டு செய்கிற கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. பதினோரு வருடமாகக் காண்ட்ராக்ட். மூன்று வருடத்துக்கு ஒருமுறை காண்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பொறுக்கியெடுத்து பர்மனென்ட் ஆக்குவார்கள். நாற்பத்து நாலைத் தாண்டியவர்களை எடுப்பதில்லை. போன இரண்டு தடவையும் அவள் பெயர் வரவில்லை. இந்தத் தடவை வந்திருந்தது. ஆனால் அது முதல் லிஸ்ட். அக்டோபர் மாதம் ஒவ்வொருவரும் வேலை செய்த வேகத்தைப் பார்த்துத்தான் கடைசி லிஸ்ட். இப்போது விட்டால் அடுத்த லிஸ்ட் வருகிறபோது அவளுக்கு நாற்பத்தைந்து. அதாவது, அவ்வளவுதான்.

அவள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இப்போதைய கார்களில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் டி.வி. போல ஒரு திரை எரிகிறதே, அதுதான் அவர்கள் செய்கிற போர்டு. லைனின் கடைசி இடம் காந்திமதியுடையது. அவளிடம் வருகிறபோது போர்டு வெறும் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும்தான். அதைத் தாங்கியில் வைத்து, கிளிப்பை மாட்டி, பச்சைப் பொத்தானை அமுக்குவாள். ஒரு பெரிய ஃபைல் அதற்குள் ஏறும். ஏறி முடிந்ததும் திரை சட்டென்று கண் விழிக்கும்; முள் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிற்கும். முன்பு ஒயர் குத்தி ஏற்றினார்கள். குத்துகிற ஊசி வளைந்து வளைந்து நாளைக்கு ஐந்து போர்டு குப்பைக்குப் போயிற்று. நாலு வருடத்துக்கு முன்னால் ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தூணில் தோள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார்கள். அதிலிருந்து ஃபைல் காற்றிலேயே வரும். ஒரு போர்டுக்கு ஐம்பத்திரண்டு விநாடி.

அந்த லைனுக்கு ஒரே ஷிப்ட்தான். நிமிஷத்துக்கு ஒரு போர்டு அவளிடம் வந்து சேரும். அவள் கையில் அறுபது விநாடிக்கு மேல் ஒரு போர்டு தங்கினால் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்து, ஐஸ் வண்டி மாதிரி ஒரு மெட்டு ஒலிக்கும். பின்னால் இருக்கிற இருபது பேரும் கையைக் கட்டிக்கொண்டு அவளைப் பார்ப்பார்கள். நாலு வருடத்தில் அந்த மெட்டை அவள் கேட்டது மொத்தம் ஏழெட்டுத் தடவை இருக்கும்.

ஆயுத பூஜை அன்று கம்பெனியே பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. மெஷின், ஸ்க்ரூ டிரைவர், ஃபோர்க் லிஃப்ட், காண்டீன் தோசைக்கல் வரைக்கும் சந்தனம். வெள்ளைப் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தார்கள்; அதுவும் ஆயுதம்தானே. தூணில் கட்டுவதற்குத் தன் வீட்டுக் கொல்லையிலிருந்து குலை தள்ளிய வாழை மரம் ஒன்றை வெட்டிக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள் காந்திமதி. டிரைவர் கத்தினான். "சாமி விசயம், வாய மூடிக்கினு ஓட்டு" என்றாள். மற்ற லைன்களில் வாழைக்கன்றை இரண்டு நாளில் கழற்றிப் போட்டுவிட்டார்கள். இவள் கழற்ற விடவில்லை. மாதக் கடைசி லிஸ்ட் வரும்வரை மரம் வாடாமல் நின்றால் காரியம் கைகூடும் என்று மனசுக்குள் ஒரு வேண்டுதல். காலி பெயிண்ட் டின்னில் தண்ணீர் நிரப்பி அடிமரத்தை அதில் நிறுத்தி, தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீரைத் தண்டின்மேல் ஊற்றி, தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பொத்தானில் கை வைப்பாள். ஒழுங்கு பார்க்க வந்த ஆடிட்டர் அந்த மரத்தை மேலும் கீழும் பார்த்தார். பூஜை போட்ட மரத்தில் கை வைக்க அவருக்கு என்ன பைத்தியமா? பேசாமல் போய்விட்டார்.

பூஜை விடுமுறை முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, முதல் போர்டு எழுபத்தொரு விநாடி.

அவள் கிளிப்பைச் சரியாக மாட்டவில்லையோ என்று நினைத்தாள். அடுத்ததும் எழுபது. அதற்கடுத்தது எழுபத்து மூன்று. ஐஸ் வண்டி வந்துவிட்டது. அன்று முழுக்க அது போகவேயில்லை. சனிக்கிழமையும் அப்படியே. திங்கள்கிழமை சூப்பர்வைசர் ஹேமந்த் வந்து அவள் பின்னால் நின்றுகொண்டு கையில் வாட்சை வைத்துப் பார்த்தான்.

"இன்னா காந்திமதி, ஒடம்பு சரியில்லையா? கை ஸ்லோவா கீது."

"கை இன்னா சார் பண்ணும்? பொத்தான அமுக்கறதோட என் வேல முடிஞ்சிடுது. அப்பறம் அதுவா ஏறணும்."

"இத்தினி நாள் ஏறிச்சே."

ஹேமந்த் கெட்டவன் இல்லை. எக்ஸெல் ஷீட்டை நம்புகிறவன், அவ்வளவுதான். தாமதத்துக்குக் காரணம் எழுத அந்த ஷீட்டில் இரண்டே கட்டங்கள்: ஆபரேட்டர், நெட்வொர்க். நெட்வொர்க்கைப் பார்க்க மாரிராஜைக் கூப்பிட்டான். மாரிராஜ் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், டிப்ளமோ படித்தவன், பென்னலூரில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். வயர்லெஸ் பராமரிக்கிற ஒரு சின்னக் காண்ட்ராக்ட்காரரிடம் வேலை. ஏணி போட்டு ஏறி, வாழை இலையை ஒதுக்கிவிட்டு, பெட்டிக்கு நேரே லேப்டாப்பை நீட்டிப் பார்த்தான். எல்லாம் சுத்தம். பெட்டியையே மாற்றிப் பார்த்தான். மறுநாளும் எழுபத்திரண்டு. மண்டையைப் பிய்த்துக்கொண்டான்.

"பெட்டில ஒரு குத்தமும் இல்லக்கா. நானும் மூணு நாளா பாக்கேன்" என்றான், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்.

நெட்வொர்க்கில் குற்றம் இல்லையென்றால் மிச்சம் ஒரு கட்டம்தானே? ஹேமந்த் அதில் டிக் அடித்தான். போன வெள்ளியிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் வரிசையாக டிக். காந்திமதி என்ன செய்வாள்? வாழைக்கு இரண்டு குடம் தண்ணீராக ஊற்றினாள். சாப்பாட்டு இடைவேளையில் போய்த் தண்டில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். வீட்டில் புருஷன் நடேசனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்று பயம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்குக் கயிறு நெகிழ்ந்து மரம் ஒருபக்கமாகச் சரிந்தது. கையில் போர்டு ஓடிக்கொண்டிருந்ததால் அவள் திரும்பிப் பார்த்தாளே தவிர நகரவில்லை. போர்டு முடிந்தது. ஐம்பத்தொன்பது.

மெட்டு வரவில்லை. மெட்டு வராததுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. பரபரவென்று போய் மரத்தை நிமிர்த்திக் கட்டிவிட்டு வந்தாள். அடுத்த போர்டு எழுபத்து மூன்று. அவள் அப்படியே நின்றாள். பிறகு எட்டிக் கயிற்றை அவிழ்த்து மரத்தைச் சாய்த்தாள். ஐம்பத்தெட்டு. நிமிர்த்தினாள். எழுபத்திரண்டு. சாமிதான் ஏதோ சொல்கிறதோ, தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று பயந்தாள். மூன்று மணிக்கு லைன் நின்றதும் மாரிராஜுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, உடனே வா. என் வாழ மரம் ஃபைல துண்ணுது."

மாரிராஜ் சிரித்துக்கொண்டே வந்தான். அவளை அவள் இடத்தில் நிற்கவைத்து, ஒரு டெஸ்ட் போர்டை மாட்டி, மரத்தோடு ஒன்று, மரத்தை அடியோடு நகர்த்திவிட்டு ஒன்று ஓட்டிப் பார்த்தான். எழுபத்திரண்டு, ஐம்பத்திரண்டு. சிரிப்பு நின்றுவிட்டது. தண்டில் விரலை அழுத்தினான். நீர் பிதுங்கியது.

"தண்ணிக்கா" என்றான் மெதுவாக. "இது முச்சூடும் தண்ணி. தண்ணி அலையக் குடிச்சிரும். நான் ஏணில ஏறி, மரத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல லேப்டாப்ப நீட்டுனேன்லா, அதான் எனக்குத் தெரியல."

"அலைன்னா?"

அவன் பெட்டிக்கும் போர்டுக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைக் கையால் காட்டினான். "நீங்க பொத்தான அமுக்குனதும் பெட்டி அந்த ஃபைல முழுசாத் தூக்கி எறியாதுக்கா. துண்டு துண்டா நறுக்கும். நாலு லட்சம் துண்டு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு அனுப்பும். போர்டு 'கெடச்சிட்டு'ன்னு பதில் சொல்லணும். பதில் வரலைன்னா அதே துண்டத் திரும்ப அனுப்பும்."

"எத்தினி வாட்டி?"

"போய்ச் சேருத வரைக்கும். நடுவுல தண்ணி இருந்தா போர்டுக்கு மங்கலாத்தான் கேக்கும். அப்ப பெட்டி பேசுத வேகத்தக் கொறச்சிக்கிடும். காது மந்தமான ஆள்ட்ட நாம மெதுவா, திருப்பித் திருப்பிச் சொல்லுவோம்லா, அந்த மாதிரி. அதான் லேட்டு."

"நாலு லட்சத்துல ஒண்ணு ரெண்டு வழில வுழுந்துட்டா?"

"விழவே விடாதுக்கா. ஒண்ணு கொறஞ்சாலும் உங்க போர்டு கண்ணு முழிக்காது."

காந்திமதி திரும்பி டெஸ்ட் போர்டைப் பார்த்தாள். நாலு வருடமாக அவள் பார்த்தது, ஃபைல் ஏற ஏற பக்கத்துத் திரையில் விநாடிக் கணக்கோடு ஒரு நீலக் கோடு நகர்வதைத்தான். அது நகர்ந்து முடிகிறவரை அடுத்த போர்டைத் துடைப்பாள், சேலைத் தலைப்பைச் செருகுவாள், சாயங்காலக் குழம்புக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பாள். அந்த நேரத்துக்குள் நாலு லட்சம் துண்டு, ஒன்றுகூட வழி தவறாமல், நம்பர் மாறாமல், தொலைந்தது மறுபடி புறப்பட்டு வந்து, அவள் கண் முன்னால் கூடிச் சேர்ந்திருக்கிறது. ஒரு ஷிப்டுக்கு நானூறு போர்டு. பெருக்கிப் பார்க்க முயன்றாள். கோடிக்கு மேல் அவள் கணக்கு ஓடவில்லை. உடம்பு சிலிர்த்தது. சும்மா கிடக்கிற காற்று என்றுதானே அதை இத்தனை நாளும் நினைத்திருந்தாள்! பூஜையில் கற்பூரம் ஏற்றியபோதுகூட அவளுக்கு இப்படிக் கும்பிடத் தோன்றியதில்லை.

கும்பிடப்போன கை பாதியில் நின்றது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, வாழத்தண்டு தண்ணின்னா நான் இன்னா கருங்கல்லா? என் ஒடம்புலயும் தண்ணிதானே கீது?"

மாரிராஜ் அவளைப் பார்த்தான். தூணைப் பார்த்தான். போர்டைப் பார்த்தான். மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. அவள் காலடியில் கம்பெனி வரைந்த மஞ்சள் பாதங்கள். எந்த ஸ்டேஷனிலும் ஆபரேட்டர் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் இப்படி இரண்டு பாதமாக வரைந்திருப்பார்கள். அதை விட்டு விலகி நின்றால் மார்க் குறைப்பார்கள். நாலு வருடமாக அந்தப் பாதங்களின் மேல்தான் அவள் நின்றாள்.

"யக்கா, ஒரு எட்டு வலப்பக்கம் வாங்க."

"மஞ்சள வுட்டா?"

"வாங்கக்கா, யாரும் பாக்கல."

திருடப் போகிறவள் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒரு எட்டு நகர்ந்தாள். கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினாள். நீலக் கோடு ஓடியது. நாற்பத்தொன்று.

மறுபடி மஞ்சள்மேல் நின்று ஒன்று. ஐம்பத்திரண்டு. விலகி நின்று ஒன்று. நாற்பத்தொன்று. மாரிராஜ் போனில் அலையின் பலத்தை அளக்கிற ஆப் ஒன்றைத் திறந்து, அவள் முன்னால் வயிற்று உயரத்தில் மெதுவாக இடமிருந்து வலமாக நகர்த்திக் காட்டினான். திரையில் ஒரு பச்சைக் கோடு உயரமாகப் போய், அவளுக்கு நேரே வந்ததும் சரேலென்று பள்ளத்தில் விழுந்து, அவளைத் தாண்டியதும் மறுபடி எழுந்தது.

"இந்தப் பள்ளம் இருக்குல்லா, இதான் உங்க நெழலு."

வெயிலில் விழுகிற நிழலை அவளுக்குத் தெரியும். இது எந்த வெளிச்சத்தில் விழுகிற நிழல்? அவள் வலது கையை மெல்லத் தூக்கினாள். பச்சைக் கோடு அசைந்தது. இறக்கினாள். அதற்கும் அசைந்தது. தான் கையை அசைப்பதைக்கூடக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கவனித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். பயமா சந்தோஷமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மாரிராஜ் கூடவே நடந்து வந்தான்.

"யக்கா, காலைல மீட்டிங்ல நான் நெட்வொர்க்குன்னு சொல்லிருதேன். அந்தக் கட்டத்துல டிக் போட்டுக்கிடட்டும். வாழ மரத்தப் பத்தி மூச்சு விடாதீக. லிஸ்ட்ல உங்க பேரு தப்பிச்சிரும்."

"உன்ன இன்னா பண்ணுவாங்க?"

"மொதலாளி திட்டுவாரு. மிஞ்சிப்போனா வேற எடத்துக்கு மாத்துவாரு."

மிஞ்சிப்போனால் வீட்டுக்கு அனுப்புவார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். காந்திமதி படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "மரம் என் வூட்டு மரம். தண்ணி ஊத்தனது என் கையி. உன் தலைல கட்டிட்டு எனக்கு ஒரு ஆர்டர் வாணாம்ப்பா" என்றாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, மண்ணூர் வரும்வரை, அப்படிச் சொன்ன வாயை அவளே திட்டிக்கொண்டு வந்தாள். பதினோரு வருடம். ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், அதுவும் அவன்தான் சொல்லப்போகிறான். ஆனாலும் முடியவில்லை.

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு லைன் கடைசியில் எல்லோரும் நின்றபடி மீட்டிங். பிளான்ட் ஹெட் ராஜசேகர் வந்திருந்தார். ஆறடி உயரம், அதற்கேற்ற தொந்தி, சட்டென்று கோபம் வருகிற மனுஷர். ஹேமந்த் ஷீட்டைப் படித்தான்: ஏழு நாளில் நானூற்றைம்பது போர்டு குறைவு, காரணம் ஆபரேட்டர். ராஜசேகர் முகம் கடுத்தது.

"ஏழு நாளும் ஆபரேட்டர்தானா? நெட்வொர்க் யார் பார்க்கிறது?"

மாரிராஜ் ஓரடி முன்னால் வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் காந்திமதி முந்திக்கொண்டாள்.

"சார், அதுவும் இல்ல, இதுவும் இல்ல. நான் கட்டன வாழ மரம் சார்."

பின்னால் கொல்லென்று சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. எல்லாம் போயிற்று என்று தோன்றியது. வெட்கம் ஒருபக்கம், ஆத்திரம் ஒருபக்கம். விறுவிறுவென்று தன் இடத்துக்குப் போனாள். டெஸ்ட் போர்டை மாட்டி, மரத்தை மறுபடி பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, பொத்தானை அமுக்கினாள். எழுபத்திரண்டு. மரத்தைத் தானே கட்டிப்பிடித்துத் தூக்கி, டின்னோடு ஓரமாக நகர்த்தினாள். ஐம்பத்திரண்டு. சிரிப்பு அடங்கிவிட்டது. ஹேமந்த் கையிலிருந்த ஷீட் தாழ்ந்தது.

"சார், இங்க வந்து நில்லுங்க" என்றாள் மஞ்சள் பாதங்களைக் காட்டி. பிளான்ட் ஹெட்டை ஒரு காண்ட்ராக்ட் பொம்பளை அப்படிக் கூப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் வந்து நின்றார். பொத்தானை அமுக்கினார். ஐம்பத்தாறு.

"இப்ப ஒரு எட்டு வலது கைப்பக்கம் தள்ளி நில்லுங்க சார்."

நாற்பத்தொன்று.

ராஜசேகர் நம்பரைப் பார்த்தார். திரும்பவும் மஞ்சள்மேல் ஏறி நின்று அமுக்கினார். விலகி நின்று அமுக்கினார். மூன்றாவது தடவையும் செய்தார். அத்தனை பேரும் மூச்சு விடாமல் நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்; எட்டு மணி சைரன் அடித்தும் யாரும் கலையவில்லை. காந்திமதி தனக்குத் தெரிந்த பாஷையில், நாலு லட்சம் துண்டையும் காது மந்தத்தையும் சொன்னாள். விட்டுப்போனதை மாரிராஜ் எடுத்துக் கொடுத்தான்.

ராஜசேகர் குனிந்து தரையைப் பார்த்தார். "இந்தப் பாதத்தை வரையச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்தான்" என்றார். குரலில் கோபம் இல்லை. "நாலு வருஷமா நாமளே இந்த அம்மாவை வழியில நிறுத்தி வெச்சிட்டு, அவங்க வேகத்துக்கு மார்க் போட்டிருக்கோம்." ஹேமந்திடமிருந்து ஷீட்டை வாங்கி, ஏழு டிக்கையும் ஒரே கோட்டால் அடித்தார். ஹேமந்த் தயங்கித் தயங்கி, சிஸ்டத்தில் வேறு கட்டம் கிடையாதே சார் என்றான். "அப்ப சிஸ்டத்தை மாத்து" என்றார்.

பெயிண்ட் வேலை பார்க்கிற எல்லப்பனை வரச் சொன்னார்கள். அவர் பழைய பாதங்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, மஞ்சள் டப்பாவும் பிரஷ்ஷுமாகத் தயாராக நின்று, வழக்கம்போல வரைபடத்துக்குக் கையை நீட்டினார். வரைபடம் ஏதும் இல்லை.

"அந்தம்மாவைக் கேளுங்க" என்றார் ராஜசேகர்.

எல்லப்பன் தலையைச் சொறிந்தார். "சொல்லும்மா, எங்க நிக்கப்போற?"

காந்திமதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண் நிறைந்துவிட்டது; துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு எட்டு நகர்ந்தாள். கை எட்டுகிறதா பார்த்தாள். ஒரு போர்டை ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் நாலு விரற்கடை தள்ளி, காலை அகட்டி வசதியாக நின்றாள். "இங்க" என்றாள். எல்லப்பன் மண்டியிட்டு, அவள் ஷூவைச் சுற்றிப் பிரஷ்ஷால் கோடு இழுத்தார். முதலில் வலது கால், அப்புறம் இடது கால். பெயிண்ட் காயும்வரை அவள் அசையவில்லை.

பர்மனென்ட் ஆர்டர் நவம்பர் நான்காம் தேதி வந்தது. ஆனால் எப்போது பர்மனென்ட் ஆனாய் என்று யாராவது கேட்டால் காந்திமதி அந்தத் தேதியைச் சொல்வதில்லை. எல்லப்பன் தன் காலடியில் மண்டியிட்டு, எங்கே நிற்கப்போகிறாய் என்று தன்னைக் கேட்டாரே, அந்தச் சனிக்கிழமையைத்தான் சொல்லுவாள்.